ஜீயஸா, ராவா? யார் பெரிய தெய்வம் என்பதை எதை வைத்து அளப்பது?

இடியேறு:

அக்கா மகன் ஆறாம் வகுப்பு படிக்கிறான், விடுமுறைக்கு வந்திருக்கிறான். வந்த நாள் முதல் ஒரே கேள்வி: “கிரேக்கக் கடவுள்களும் எகிப்துக் கடவுள்களும் மோதினால் யார் மாமா ஜெயிப்பார்கள்?” நான் யோசிக்காமல் கிரேக்கர்களின் இடித் தெய்வம் ஜீயஸ் என்று சொல்லிவிட்டேன். அவன் எகிப்தின் சூரியத் தெய்வம் ரா என்கிறான். பருந்துத் தலையும் அதன்மேல் இருக்கும் சூரியவட்டமும் அவன் மனத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டன. மூன்று நாட்களாகச் சாப்பாட்டு வேளையெல்லாம் இந்த வழக்குதான். இங்கே விஷயம் தெரிந்தவர்கள் பலர் இருக்கிறீர்கள், தீர்த்துவையுங்கள்.

என் தரப்பைச் சொல்லிவிடுகிறேன். ட்ராய்ப் போரை ஹோமர் பாடிய இலியட் காவியத்தில் எட்டாம் காண்டம் தொடங்கும்போது ஜீயஸ் மற்ற தெய்வங்களைக் கூட்டிவைத்துச் சவால் விடுகிறார். வானத்திலிருந்து ஒரு பொற்சங்கிலியைத் தொங்கவிடுங்கள், நீங்கள் எல்லோரும் சேர்ந்து இழுங்கள், என்னை அசைக்க முடியாது. நான் இழுத்தால் மண்ணையும் கடலையும் சேர்த்து உங்கள் அனைவரையும் தூக்கி, சங்கிலியை ஒலிம்பஸ் சிகரத்தில் கட்டி அந்தரத்தில் தொங்கவிட்டுவிடுவேன் என்கிறார். வெகு நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஹெசியட் என்ற பழைய கிரேக்கக் கவி பாடும் கதையில், முன்பு ஆண்ட டைட்டன்களோடு பத்தாண்டுப் போர். அதில் வென்றார். பிறகு நூறு பாம்புத் தலைகளோடு எழுந்த டைஃபானை இடியால் பொசுக்கி டார்ட்டரஸ் என்ற பாதாளத்தில் தள்ளினார். அத்தோடு கதை முடிந்தது. ராவுக்கு அப்படி முடிகிறதா? ஒவ்வோர் இரவும் அதே அபெப் பாம்போடு போராட வேண்டும். இன்று வெட்டினால் நாளை மறுபடி வழியில் கிடக்கும். பகைவனை ஒரு முறையாவது முற்றாக ஒழித்தவர்தானே பெரியவர்?

நைல்மணல்:

உங்கள் மருமகன் பக்கம் நிற்கிறேன்.

சூரியன் மறைந்தபின் ரா படகில் ஏறிப் பாதாளம் வழியாகப் போகும் இரவுப் பயணத்தைப் பாம்புச் சண்டை என்று மட்டும் பார்த்தால் பாதிக்கு மேல் விட்டுப்போகும். அரசர்களின் பள்ளத்தாக்கில் மூன்றாம் தூத்மோசிஸின் கல்லறை இருக்கிறது, கி.மு. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் உள்ளறைச் சுவர் முழுக்க அந்தப் பயணத்தை வரைந்திருக்கிறார்கள். மற்றக் கல்லறைகளில் உள்ளதைப் போல வண்ண ஓவியம் இல்லை. பழுப்பேறிய பாப்பிரஸ் சுருளைச் சுவரில் விரித்து ஒட்டியதுபோல, கறுப்பிலும் சிவப்பிலும் குச்சி குச்சியான உருவங்கள். பன்னிரண்டு பகுதிகள், இரவின் ஒவ்வொரு மணிக்கும் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் பகுதியில் தண்ணீர் இல்லை. வெறும் மணல். சூரியனின் படகே பாம்பாக மாறி ஊர்ந்து போகிறது, முன்னால் தெய்வங்கள் கயிறு பிடித்து இழுக்கிறார்கள். ஆறாம் பகுதியில், நள்ளிரவில், ரா தன் உடலைச் சந்திக்கிறார். அந்த உடல் இறந்தோர் உலகை ஆளும் ஓசிரிஸின் உடலும்கூட. ஏழாம் பகுதியில்தான் அபெப் வருகிறது. படகு மிதக்க வேண்டிய தண்ணீரையெல்லாம் அது குடித்துவிட்டிருக்கிறது. படகின் அணியத்தில் ஓசிரிஸின் மனைவி ஐசிஸ் நின்று மந்திரம் சொல்கிறாள். கடைசிப் பகுதியில் ராவும் கூட வந்தவர்களும் ஒரு பெரும் பாம்பின் வாலுக்குள் கிழவர்களாக நுழைந்து, வாய் வழியாகக் குழந்தைகளாக வெளியே வருகிறார்கள். கிழக்கே விடிகிறது.

உங்கள் கணக்கில் இது தோல்வியா? ஒரு நாள் தவறினால் உலகமே இல்லை. ஜீயஸ் ஒரு போரை வென்றார், பிறகு ஆண்டார். ரா தினமும் செத்துப் பிழைக்கிறார், அதனால் நமக்குக் காலை வருகிறது.

தாழி:

ஜீயஸின் பக்கத்தையும் கொஞ்சம் சோதித்துப் பார்க்கலாம்.

இடியேறு காட்டிய அதே இலியட்டின் முதல் காண்டத்தைப் பாருங்கள். மனைவி ஹீரா, உடன்பிறந்த பொசைடன், மகள் அதீனா மூவரும் ஒரு காலத்தில் ஜீயஸைக் கட்டிப்போடத் துணிந்தார்கள். அப்போது காப்பாற்றியது தெட்டிஸ் என்ற கடல்மகள். நூறு கைகள் கொண்ட பிரியாரியஸை அவள் ஒலிம்பஸுக்கு அழைத்துவந்து ஜீயஸின் பக்கத்தில் உட்காரவைத்தாள். அவனைப் பார்த்தே மற்றவர்கள் பின்வாங்கினார்கள். எட்டாம் காண்டத்தில் சங்கிலிச் சவால் விடுபவருக்கு முதல் காண்டத்தில் காவலுக்கு ஆள் தேவைப்பட்டிருக்கிறது.

டைஃபான் கதையும் நீங்கள் சொன்ன அளவுக்குச் சுத்தமாக இல்லை. அப்பொல்லோடோரஸ் பெயரில் கிடைக்கும் தொகுப்பில், டைஃபான் ஜீயஸின் கையிலிருந்த அரிவாளைப் பிடுங்கி, அவருடைய கை கால் நரம்புகளை அறுத்தெடுத்து, கரடித் தோலில் சுருட்டி சிலிசியா நாட்டுக் குகையில் ஒளித்துவைத்துவிடுகிறான். தேவாதி தேவர் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறார். தெய்வங்களின் தூதர் ஹெர்மீஸும் ஈஜிபான் என்ற ஆட்டுத் தெய்வமும் போய் நரம்புகளைத் திருடிவந்து பொருத்திய பிறகுதான் எழுகிறார்.

இடியேறு:

தாழி ஐயா, நரம்பு அறுந்த கதை பின்னால் வந்தது. அந்தத் தொகுப்பு கிறிஸ்துவுக்குப் பிந்தியது. ஹெசியட் அதற்கு ஏறத்தாழ எழுநூறு எண்ணூறு ஆண்டுகள் முந்தியவர், அவர் பாட்டில் அப்படி ஒன்றும் இல்லை. எந்தக் கதையை எந்தக் காலத்திலிருந்து எடுக்கிறோம் என்பதைச் சொல்லித்தான் பேச வேண்டும். பிரியாரியஸ் செய்தியை ஒப்புக்கொள்கிறேன். அது ஹோமரிலேயே இருக்கிறது.

ஆனால் ஜீயஸின் பலத்தை நான் வேறோர் இடத்தில் பார்க்கிறேன். பதினாறாம் காண்டம். லைசியா நாட்டு அரசன் சார்ப்பெடான் அவருடைய சொந்த மகன். ட்ராய்ப் போரில் கிரேக்க வீரன் பட்ரோக்ளஸின் ஈட்டிக்கு அவன் இரையாகப் போகிறான் என்பது தெரிந்துவிட்டது. இப்போதே தூக்கிக்கொண்டுபோய் ஊரில் விட்டுவிடலாமா என்று ஜீயஸின் மனம் இரண்டாகிறது. ஹீரா சொல்கிறாள்: செய்யுங்கள், ஆனால் நாங்கள் எல்லோரும் அதை மெச்ச மாட்டோம், நாளை ஒவ்வொரு தெய்வமும் தன் பிள்ளையைப் போர்க்களத்திலிருந்து தூக்கிச் செல்லும். அதைக் கேட்டு அவர் கையை விலக்கிக்கொள்கிறார். மகனுக்காக மண்ணில் ரத்தத் துளிகளை மழையாகப் பெய்கிறார். முடிந்தும் செய்யாமல் நிற்பதற்கு எவ்வளவு வலிமை வேண்டும்! பெற்றவர்கள் யாரும் இந்த இடத்தை ஒரே மூச்சில் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போக முடியாது.

செவ்வானம்:

சார்ப்பெடான் பெயரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இந்தக் காட்சியை ஏதென்ஸில் யூஃப்ரோனியஸ் என்ற ஓவியர் கி.மு. 515ஐ ஒட்டி ஒரு மதுச் சாடியில் தீட்டினார். மதுவும் நீரும் கலக்கும் சாடி அது, உயரம் ஒன்றரை அடிதான். இத்தாலியில் ஒரு பழைய கல்லறையைத் தோண்டித் திருடப்பட்டு, நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் பல ஆண்டுகள் இருந்து, 2008இல் இத்தாலிக்குத் திரும்பியது. இப்போது செர்வெட்டெரியில் இருக்கிறது.

சாடியின் குறுக்கே முழு நீளத்துக்குச் சார்ப்பெடானின் உடல். உறக்கமும் மரணமும் இறக்கை கட்டிய இரு வீரர்களாகக் குனிந்து அவனைத் தூக்குகிறார்கள். காயங்களிலிருந்து ரத்தம் செங்கோடுகளாக வழிகிறது. தொங்கும் கையின் விரல்கள் தரையைத் தொடும் இடத்தில் சற்று நேரம் பாருங்கள். எவ்வளவு கனமான உடல் என்பது அங்கே தெரியும். நடுவில் ஹெர்மீஸ் நிற்கிறார். ஜீயஸ் அந்தப் பக்கத்தில் எங்கேயும் இல்லை.

கல்லெழுத்து:

ஜீயஸ், ரா இருவரையும் ஒதுக்கிவைத்துவிட்டு ஐசிஸைப் பற்றிப் பேசுவோம். அவளைவிட வலிமை மிக்கவர் இரண்டு நாட்டிலும் கிடையாது என்பது என் உறுதியான எண்ணம்.

தூரின் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு பாப்பிரஸ், ராம்சேஸ் அரசர்கள் காலத்தது, இந்தக் கதையைச் சொல்கிறது. ரா கிழவராகிவிட்டார். வாய் ஒழுகுகிறது. எச்சில் மண்ணில் விழுகிறது. ஐசிஸ் அந்த எச்சிலை மண்ணோடு பிசைந்து ஒரு பாம்பு செய்து அவர் நடந்து போகும் வழியில் வைக்கிறாள். பாம்பு தீண்டுகிறது. ராவின் தாடை அடித்துக்கொள்கிறது, கை கால் நடுங்குகின்றன. தான் படைத்த எதுவும் தன்னைத் தீண்டியதாகத் தெரியவில்லை, இது நெருப்பும் இல்லை நீரும் இல்லை என்று புலம்புகிறார். அவருடைய எச்சிலேதான் அது, அதனால்தான் அவரால் அடையாளம் காண முடியவில்லை.

ஐசிஸ் வருகிறாள். “உங்கள் பெயரைச் சொல்லுங்கள், விஷம் இறங்கும்.” அவர் தன் பெருமைகளை அடுக்குகிறார். வானத்தையும் மண்ணையும் செய்தவன் நான், காலையில் கெப்ரி, நண்பகலில் ரா, மாலையில் ஆதும். விஷம் இறங்கவில்லை. “நீங்கள் சொன்னவற்றில் உங்கள் பெயர் இல்லை” என்கிறாள். கடைசியில் வேறு வழியில்லாமல் அந்த மறைபெயர் அவர் உடலிலிருந்து அவள் உடலுக்குப் போகிறது. என்ன பெயர் என்று அந்தச் சுருளில் எழுதவே இல்லை.

இதைப் பொழுதுபோக்குக்காக எழுதி வைக்கவில்லை. கதையின் முடிவில் குறிப்பு இருக்கிறது. தெய்வ உருவங்களைக் கடிபட்டவன் கையில் வரைந்து, அவனே அதை நக்கி உள்ளே கொள்ள வேண்டும். ஆம், இது விஷக்கடி மருத்துவம். வலியில் துடிக்கும் ஒருவன் தலைமாட்டில் யாரோ உட்கார்ந்து, ராவே துடித்தார், ராவுக்கே இறங்கியது, உனக்கும் இறங்கும் என்று சொல்வதை நினைத்துப் பாருங்கள். சங்கிலி இழுக்கும் பலத்தை அந்த வீட்டில் யார் கேட்பார்கள்?

மருதநிலவன்:

அக்கா சொன்னதற்குக் கிரேக்கப் பக்கத்தில் ஓர் இணை உண்டு. விளைச்சலின் தெய்வம் டிமீட்டர்.

மகள் பெர்செஃபோனியைப் பாதாள அரசன் ஹேடிஸ் தூக்கிச் சென்றபோது அதற்கு ஜீயஸின் சம்மதம் இருந்தது. டிமீட்டர் ஆயுதம் எடுக்கவில்லை. எலியூசிஸ் ஊரில் தன் கோயிலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். ஓர் ஆண்டு முழுவதும் ஒரு விதை முளைக்கவில்லை. மாடுகள் வீணாக உழுதன, பார்லி மண்ணுக்குள்ளேயே கிடந்தது. மனிதர்கள் பட்டினி கிடந்தால் தெய்வங்களுக்குப் பலி கொடுக்க ஆளில்லை. ஜீயஸ் முதலில் ஐரிஸைத் தூது அனுப்பினார், பிறகு ஒவ்வொரு தெய்வமாகப் பரிசுகளோடு அனுப்பினார். அவள் அசையவில்லை. கடைசியில் அவர்தான் இறங்கிவந்தார். ஹெர்மீஸைப் பாதாளத்துக்கு அனுப்பிப் பெண்ணை வரவழைத்தார். அவள் அங்கே ஒரு மாதுளை விதையைத் தின்றுவிட்டதால் ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு அங்கே இருக்க வேண்டும் என்று ஆனது வேறு விஷயம்.

எங்கள் குடும்பம் நெல் விளைவிக்கும் குடும்பம். விதைத்தது முளைக்காத ஓர் ஆண்டை நான் சிறுவனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். இடியைவிட அதற்குத்தான் பயந்தோம்.

ஏடுதேடி:

விவாதத்தில் ஒரு பெரிய வேறுபாடு விடுபடுகிறது. ஜீயஸ் எதையும் படைக்கவில்லை. ஹெசியட்டில் முதலில் கேயாஸ், பிறகு மண்மகள் கையா, அவள் பெற்ற வானம் யுரேனஸ். யுரேனஸை அவன் மகன் குரோனஸ் அரிவாளால் வெட்டி வீழ்த்தினான். குரோனஸை ஜீயஸ் வீழ்த்தினார். ஏற்கெனவே கட்டிக் குடியிருந்த வீட்டில் மூன்றாம் தலைமுறையாக வந்து அதிகாரத்தைப் பிடித்தவர் அவர். எகிப்தில் அப்படி இல்லை. அங்கே பெரிய தெய்வம் என்றால் படைத்த தெய்வம்.

லண்டனில் வேலை செய்த காலத்தில் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஷபாகா கல்லைப் பார்த்தேன். ஏறத்தாழ ஓர் ஆள் கையை விரித்த அகலம், கறுத்த கல். நூபியாவிலிருந்து வந்து எகிப்தை ஆண்ட ஷபாகா அரசர், கி.மு. 8ஆம் நூற்றாண்டின் இறுதியில், முன்னோர் எழுதிய ஏடு ஒன்றைச் செல்லரித்த நிலையில் கண்டு, இனி அழியக்கூடாது என்று கல்லில் வெட்டிவைத்ததாக அதிலேயே எழுதியிருக்கிறது. மெம்ஃபிஸ் நகரத் தெய்வம் ப்தா எப்படிப் படைத்தார் என்பதே பொருள். இதயத்தில் எண்ணினார், நாவால் சொன்னார், அது உண்டாயிற்று. போர் இல்லை, வெட்டில்லை, யாரையும் விழுங்கவில்லை. எண்ணமும் சொல்லும் மட்டும்.

கல்லின் நடுவில் ஒரு சதுரப் பள்ளம். அதிலிருந்து கதிர்கள்போல நாலாபக்கமும் கோடுகள் ஓடுகின்றன. பிற்காலத்தில் யாரோ அதை அரைக்கும் கல்லாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். எழுத்துகள் நடுவில் தேய்ந்து மழுங்கிப்போயிருக்கின்றன, ஓரத்தில் மட்டும் கூர்மையாக நிற்கின்றன. சொல்லால் உலகைப் படைத்த தெய்வத்தைப் பற்றிய சொற்கள் அந்தக் கல்லின் நடுவே அரைபட்டுப் போயின. நெஞ்சு கனத்தது. அரை மணி நேரம் அங்கேயே நின்றிருப்பேன்.

நைல்மணல்:

ஏடுதேடி சொன்னதை ஏற்கிறேன், ஆனால் ஒன்று சேர்க்க வேண்டும். எகிப்தில் “படைத்தவர்” ஒருவர் இல்லை. மெம்ஃபிஸில் கேட்டால் ப்தா, ஹீலியோபோலிஸில் கேட்டால் ஆதும், தீப்ஸில் கேட்டால் அமூன். எந்த நகரத்தின் கை ஓங்கியதோ அந்த நகரத்தின் தெய்வம் ஓங்கியது.

அமூனின் உயர்வைப் பாருங்கள். பெயரின் பொருளே மறைந்திருப்பவர். தீப்ஸ் அரசர்கள் நாட்டைப் பிடித்ததும் அவர் ராவோடு இணைந்து அமூன்-ரா ஆனார். கார்னாக் கோயிலின் தூண் மண்டபத்தில் மட்டும் 134 தூண்கள். மூன்றாம் ராம்சேஸ் காலத்துச் சொத்துக் கணக்கு ஏறத்தாழ 42 மீட்டர் நீளச் சுருளாகக் கிடைத்திருக்கிறது. அமூனின் கோயில்களுக்கு 86 ஆயிரத்துக்கு மேல் ஆட்கள், 4 லட்சத்துக்கு மேல் கால்நடைகள், 83 கப்பல்கள். எந்தக் கிரேக்கக் கோயிலும் இதன் பக்கத்தில் வர முடியாது. அதற்கு முன் அக்நாத்தன் என்ற அரசர் உளி பிடித்த ஆட்களை அனுப்பி நாடெங்கும் அமூன் என்ற பெயரைச் செதுக்கி எடுக்கச் செய்திருந்தார். அவர் போனதும் பெயர்களை மறுபடி வெட்டினார்கள்.

இன்னொன்று. லெய்டனில் இருக்கும் ஒரு துதிப்பாடல், இரண்டாம் ராம்சேஸ் காலத்தது, எல்லாத் தெய்வமும் மூன்றே என்கிறது: அமூன், ரா, ப்தா. மறைந்த பெயர் அமூன், முகம் ரா, உடல் ப்தா. இடியேறு, இப்போது உங்கள் ஜீயஸ் யாரோடு மோதுவார்? எகிப்தில் தெய்வங்கள் ஒருவருக்குள் ஒருவர் நுழைந்துவிடுகிறார்கள்.

தாழி:

மோதவிடுவது பற்றிக் கிரேக்கர்களே யோசிக்கவில்லை என்பதைக் கவனித்தீர்களா? அவர்கள் எகிப்துக்கு நேரில் போனவர்கள். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வரலாறு எழுதிய ஹெரோடோட்டஸ் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறார்: அமூன்தான் ஜீயஸ், ஓசிரிஸ்தான் டயோனைசஸ், ஐசிஸ்தான் டிமீட்டர், ஹோரஸ்தான் அப்போலோ. தெய்வப் பெயர்களில் பெரும்பாலானவை எகிப்திலிருந்துதான் கிரேக்கத்துக்கு வந்தன என்றும் சொல்கிறார். யார் பெரியவர் என்ற கேள்வியே அவருக்கு எழவில்லை. இது நம்மூர்த் தெய்வத்தில் எது என்றுதான் கேட்கிறார்.

அமூனுக்கு ஆட்டுத் தலை ஏன் என்று தீப்ஸ் மக்கள் அவரிடம் சொன்ன காரணம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஹெராக்ளிஸ் ஜீயஸைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தானாம். ஜீயஸுக்கு விருப்பமில்லை. ஓர் ஆட்டை உரித்து, தோலைப் போர்த்துக்கொண்டு, தலையை முன்னால் பிடித்துக்கொண்டு காட்சி கொடுத்தாராம். மறைந்திருப்பவர் என்ற பொருள் இந்தக் கதைக்குள்ளேயே பதுங்கியிருக்கிறது.

பிறகு கி.மு. 331இல் அலெக்சாண்டர் பாலைவனத்தைக் கடந்து சீவா சோலைக்கு, அம்மோன் (கிரேக்கர் வாயில் அமூன்) குறி சொல்லும் கோயிலுக்குப் போனார். அவர் இறந்த பிறகு அவருடைய தளபதியாக இருந்த லைசிமாக்கஸ் வெளியிட்ட வெள்ளிக் காசில் அலெக்சாண்டரின் முகம் இருக்கிறது. அகல விரிந்த கண், கலைந்து பறக்கும் முடி, காதைச் சுற்றி வளைந்து இறங்கும் ஆட்டுக்கொம்பு. கிரேக்கக் காசு, எகிப்தியக் கொம்பு.

மருதநிலவன்:

கிரேக்கமும் எகிப்தும் கலந்த தெய்வம் என்றால் செராபிஸைச் சொல்ல வேண்டும். அலெக்சாண்டருக்குப் பின் எகிப்தை ஆண்ட டாலமி அரசர்கள் வளர்த்த வழிபாடு. ஓசிரிஸும் அபிஸ் காளையும் சேர்ந்த பெயர், ஜீயஸைப் போலத் தாடி வைத்த முகம், தலையில் தானியம் அளக்கும் படி.

இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. எகிப்தின் செங்கடல் கரையில் பெரெனிகே துறைமுகத்தில் செராபிஸ் கோயில் முற்றத்தைத் தோண்டியபோது, இந்தியாவில் வனைந்த ஒரு பெரிய சாடியில் ஏழரைக் கிலோ கருமிளகு அப்படியே கிடைத்தது. அதே ஊரில் கொற்றன் என்ற பெயர் தமிழ்-பிராமியில் கீறிய பானை ஓடும் கிடைத்திருக்கிறது. நம் பக்கத்து மலைகளில் காய்த்த மிளகு அந்தத் தாடிக்காரத் தெய்வத்தின் வாசல்வரை போயிருக்கிறது!

கல்லெழுத்து:

மிளகுச் செய்தி மிக அருமை, தம்பி.

இடியேறு கேட்ட கேள்விக்கு எகிப்தியரே எழுதிவைத்த ஒரு பதில் உண்டு. ஐந்தாம் ராம்சேஸ் காலத்துப் பாப்பிரஸில், ஓசிரிஸின் மகன் ஹோரஸுக்கும், ஓசிரிஸைக் கொன்ற அவர் தம்பி சேத்துக்கும் நடந்த அரசுரிமை வழக்கு. எண்பது ஆண்டுகளாக இழுக்கிறது. தலைமை வகிக்கும் ராவுக்குச் சேத்தின் மேல்தான் சாய்வு. சேத் பலசாலி, அபெப்பை ஈட்டியால் குத்துபவன். ஹோரஸ் சிறுவன். நடுவே என்னென்னவோ நடக்கிறது. கல்லில் படகு செய்து போட்டி போடலாம் என்றதும் சேத் மலையுச்சியை வெட்டிப் படகு செய்கிறான், அது மூழ்குகிறது. ஹோரஸ் மரப்படகு செய்து மேலே சுதை பூசிக் கல்போலக் காட்டுகிறான்.

கடைசியில் ஹோரஸின் இறந்துபோன தந்தை ஓசிரிஸுக்குக் கடிதம் போகிறது. அவர் பதில் எழுதுகிறார்: தெய்வங்கள் உயிர்வாழும் பார்லியையும் கோதுமையையும் விளைவித்தவன் நான், என் மகனை ஏன் வஞ்சிக்கிறீர்கள்? ரா அலட்சியமாகத் திருப்பி எழுதுகிறார்: நீ பிறக்காவிட்டாலும் பார்லி இருந்திருக்கும். அப்போது வருகிறது இரண்டாவது கடிதம். நான் இருக்கும் நாட்டில் கொடிய முகம் கொண்ட தூதர்கள் நிறைந்திருக்கிறார்கள், எந்தத் தெய்வத்துக்கும் அவர்கள் அஞ்சமாட்டார்கள். நான் அவர்களை வெளியே அனுப்பினால் தவறு செய்தவர் இதயத்தைப் பறித்துவருவார்கள். உங்களில் என்னைவிட வலியவர் யார்?

அவை மௌனமாகிறது. பட்டம் ஹோரஸுக்குப் போகிறது. கொல்லப்பட்டு, துண்டாக்கப்பட்டு, இனி உயிரோடு திரும்ப முடியாத ஒருவரின் கடிதம் எண்பதாண்டு வழக்கை முடிக்கிறது.

தோற்ற சேத்துக்கு என்ன கிடைத்தது தெரியுமா? ரா அவனைத் தன்னோடு வைத்துக்கொள்கிறார். அவன் வானத்தில் இடியாக முழங்கட்டும், எல்லோரும் அஞ்சட்டும் என்கிறார். ஆக, எகிப்தில் இடி வழக்கில் தோற்றவனுக்குக் கிடைத்த ஆறுதல்.

ஏடுதேடி:

அந்தக் கடைசி வரியை நான் இத்தனை நாள் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். காரணமும் மண்ணிலேயே இருக்கிறது. கிரேக்கம் மலைநாடு. சிகரத்தில் மேகம் கூடுவதை ஊரே அண்ணாந்து பார்க்கும். ஜீயஸுக்கு ஹோமர் ஓயாமல் சொல்லும் அடைமொழியே மேகம் திரட்டுபவர் என்பது. மேல் எகிப்தில் மழையே அபூர்வம். சோறு போடும் வெள்ளம் எங்கோ தெற்கே எத்தியோப்பிய மேட்டு நிலத்தில் பெய்த மழை, வெயிலில் ஓடி வரும் ஆறு. அங்கே இடி முழங்கினால் அது ஒழுங்கு குலைவது. பாலைவனத்தின் தலைவன் சேத்திடம் அதைக் கொடுத்ததில் நியாயம் இருக்கிறது.

அந்தச் சேத்தைத்தான் ஹெரோடோட்டஸ் டைஃபான் என்று மொழிபெயர்க்கிறார். இடியால் எரிக்கப்பட்டவன் பெயரை இடி முழக்குபவனுக்கு வைத்துவிட்டார்.

இடியேறு:

நேற்றிரவு ஓசிரிஸின் இரண்டு கடிதங்களையும் மருமகனுக்குச் சொன்னேன். சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான். ராவை மறந்துவிட்டான். “கொடிய முகம் என்றால் எப்படி இருக்கும்?” என்று இரண்டு முறை கேட்டான். இந்த இழையைத் தொடங்கும்போது நான் வைத்திருந்த அளவுகோல் தவறு என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். பகைவனை ஒழிப்பது ஒன்றே வலிமை என்று பிடித்துக்கொண்டிருந்தேன். கல்லெழுத்து அக்காவின் விஷக்கடி நோயாளியும் மருதநிலவனின் முளைக்காத விதையும் என்னை மாற்றிவிட்டன.

பிறகு அவன் கேட்டான்: “உங்கள் ஜீயஸ் எதற்காவது பயந்திருக்கிறாரா?”

இரண்டு பதில்கள் கிடைத்தன. ஒன்று, தெட்டிஸ். ஜீயஸும் பொசைடனும் அவளை மணக்கப் போட்டியிட்டார்கள். அவளுக்குப் பிறக்கும் மகன் தகப்பனைவிட வலியவனாவான் என்று தெரிந்ததும் இருவரும் விலகி, அவளை ஒரு மனிதனுக்குக் கட்டிவைத்தார்கள். பிறந்தவன் ட்ராய்ப் போரின் மாவீரன் அகிலீஸ். தாத்தாவையும் தகப்பனையும் வீழ்த்திய வரிசையில் தான் அடுத்தவராகிவிடக் கூடாது என்ற அச்சம் அது.

இரண்டாவது, இலியட்டின் பதினான்காம் காண்டத்தில் உறக்கத்தின் தேவன் ஹிப்னாஸ் ஹீராவிடம் சொல்வது. முன்பு ஒரு முறை அவன் ஜீயஸைத் தூங்கவைத்து ஏமாற்றிவிட்டான். விழித்தெழுந்த ஜீயஸ் தெய்வங்களை அரண்மனை முழுக்க வாரி இறைத்தபடி அவனைத் தேடினார். கிடைத்திருந்தால் வானத்திலிருந்து கடலில் எறிந்திருப்பார். ஹிப்னாஸ் ஓடிப்போய் இரவுத்தாய் நிக்ஸின் மடியில் புகுந்தான். அவ்வளவு கோபத்திலும் ஜீயஸ் நின்றுவிட்டார். இரவு வருந்தும்படி எதையும் செய்ய அவருக்குத் துணிவில்லை.

பொற்சங்கிலிக்காரர் இரவின் வாசலில் நின்றுவிட்டார் என்றதும் பையன் ஜன்னல் பக்கம் திரும்பி வெளியே பார்த்தான்.

செவ்வானம்:

அவனுக்கு எகிப்திய வானத்தையும் காட்டுங்கள். லக்சரில் ஆறாம் ராம்சேஸின் கல்லறைக்கு நான் போயிருக்கிறேன். உள்ளறையின் விதானம் முழுக்க நூத், வானமாகிய பெண். முதுகோடு முதுகு சேர்ந்த இரண்டு உடல்கள், ஒன்று பகலுக்கு, ஒன்று இரவுக்கு. மஞ்சள் நிற மேனி, கருநீலப் பின்னணி. மாலையில் சூரியனை அவள் வாய்க்குள் விழுங்குகிறாள். உடல் நெடுக ஒன்றன்பின் ஒன்றாகச் சிவந்த வட்டங்கள். காலையில் பெற்றெடுக்கிறாள்.

கூட வந்தவர்கள் வெளியேறிவிட்டார்கள். காவலர் ஒருவர், நரைத்த தாடிக்காரர், என் தோளைத் தொட்டு அவள் வாயருகே இருந்த வட்டத்தைச் சுட்டிக்காட்டினார். பிறகு விரலை மெல்ல நகர்த்தி, ஒவ்வொரு வட்டமாக, மறுகோடிவரை கொண்டுபோனார். பேச எங்களுக்குப் பொது மொழி இல்லை. விரல் போன வழியே நான் நடந்தேன்.